கோப்பையே வாங்காத பள்ளிக்கும் ஒரு விருது கொடுங்களேன்!

ரிஷிவந்தியம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள்தான் ஞாபகம் வரும். ஒன்று, அர்த்தநாரீஸ்வரர் கோயில். தேன் அபிஷேகம் நடக்கும்போது லிங்கத்தில் அம்பாளின் உருவம் தெரியும் என்பது இங்கே நம்பிக்கை. இன்னொன்று, 2011 சட்டமன்றத் தேர்தல். விஜயகாந்த் இந்தத் தொகுதியில் ஜெயித்துத்தான் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். விளையாட்டுப் பக்கத்தில் இந்த ஊர்ப் பெயரைப் பார்ப்பது அபூர்வம்.

அதற்காக இங்கே யாரும் விளையாடுவதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பொங்கல் வந்துவிட்டால் தியாகதுருகம், மணலூர்பேட்டை, சங்கராபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும் கபடிப் போட்டி நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அறுவடை முடிந்த நிலத்தில் டென்னிஸ் பால் கிரிக்கெட் நடக்கும். மைக் செட், லைட் செட், விடிய விடிய ஆட்டம். ஆனால், அந்த நோட்டீஸை முழுசாகப் படித்துப் பாருங்கள். ஆண்களுக்குக் கபடி, வாலிபால், கிரிக்கெட். கடைசி வரியில் சின்ன எழுத்தில், ‘பெண்களுக்குக் கோலப்போட்டி, மியூசிக்கல் சேர்.’ கோலத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால், எட்டாம் வகுப்பு வரை பையன்களோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்த பெண் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் எங்கே காணாமல்போகிறார்கள் என்பதற்கு அந்தக் கடைசி வரிதான் பதில்.

இந்த வாரம் இதை எழுதக் காரணம், டெஸ்க்கில் நான் வாரா வாரம் பார்க்கிற போட்டோக்கள். குறுவட்டப் போட்டியில் வெற்றி, மாவட்டப் போட்டியில் தங்கம், முதலமைச்சர் கோப்பையில் இடம். தலைமை ஆசிரியர் நடுவில், கோப்பை கையில், பின்னால் ஃப்ளெக்ஸ். சந்தோஷமான விஷயம்தான். முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் தனிநபர் பிரிவில் முதலிடம் பிடித்தால் 1 லட்சம் ரூபாய் பரிசு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது சின்னத் தொகை கிடையாது. என் கேள்வி அந்தப் பிள்ளையைப் பற்றியது இல்லை, பள்ளியைப் பற்றியது. 600 பேர் படிக்கிற பள்ளியில் 12 பேர் கோப்பை வாங்கினால், மீதி 588 பேருக்கு அந்த வருஷம் பள்ளி மைதானம் என்ன கொடுத்தது? இதைக் கேட்டு விருது கொடுக்கிற வழக்கம் நம்மிடம் ஏறக்குறைய இல்லை.

உலகத்தில் இருக்கிறது. நம் நாட்டுப் பெண் பிள்ளைகளே அதை வாங்கியும் இருக்கிறார்கள்.

ஒரு பெண் கேட்டாள், ஒரு பள்ளி வந்தது

ஜார்க்கண்ட் மாநிலம், ராஞ்சிக்குப் பக்கத்தில் ஓர்மாஞ்சி வட்டாரம். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்து அங்கே தங்கியிருந்த ஃபிரான்ஸ் காஸ்ட்லர் என்ற அமெரிக்க இளைஞரிடம், ஊர்ப் பெண் ஒருத்தி ஃபுட்பால் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். 2009-ல் ‘யுவா’ என்ற அமைப்பு அப்படித்தான் தொடங்கியது. கோச்சிங் சென்டர் மாதிரி திறமையைப் பார்த்து ஆள் பொறுக்கவில்லை. வருகிறவர்களெல்லாம் ஆடலாம். தினமும் வர வேண்டும், அவ்வளவுதான்.

2013-ல் அந்தப் பெண்களின் அணி ஸ்பெயினுக்கு ஆடப் போனது. அங்கே நடந்த காஸ்டைஸ் கோப்பையில் மூன்றாம் இடம். அதற்கு முந்தைய கதைதான் முக்கியம். பாஸ்போர்ட்டுக்காகப் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில், தங்களைத் தரையைக் கூட்டச் சொன்னார்கள், அறைந்தார்கள், காசு கேட்டார்கள் என்று அந்தப் பெண்கள் பின்னால் வெளிப்படையாகச் சொன்னார்கள். நாடே அதிர்ந்தது. சான்றிதழ் கேட்டு அலுவலகத்துக்குப் போகும் எந்தக் கிராமத்துப் பெண்ணுக்கும் இதில் ஒரு பகுதியாவது தெரிந்த கதையாகத்தான் இருக்கும். ஆனால், அதை வாய் திறந்து சொல்கிற துணிச்சல் எங்கிருந்து வந்தது? மைதானத்தில் வந்தது என்றுதான் நினைக்கிறேன். ‘பாஸ் போடு’ என்று கத்திப் பழகிய குரல், ‘ஏன் காசு கேட்கிறீர்கள்?’ என்று கேட்பதற்கு அதிகம் தயங்காது.

2015-ல் யுவா ஒரு பள்ளியையே தொடங்கியது. பந்து ஆட வருகிற பெண்கள் தினமும் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஆனால் அங்கே கற்றுக்கொள்வது குறைவு என்று தெரிந்ததுதான் காரணம். மூத்த பெண்களே இளையவர்களுக்குப் பயிற்சியாளர்கள். 2019 பிப்ரவரியில் மொனாக்கோவில் நடந்த விழாவில், லாரியஸ் அமைப்பின் ‘நன்மைக்கான விளையாட்டு’ விருது யுவாவுக்குக் கிடைத்தது. அதே மேடையில்தான் உலகத்தின் பெரிய பெரிய சாம்பியன்களுக்கும் விருது. அவர்களுக்கு ஜெயித்ததற்காக. இவர்களுக்கு, விளையாட்டை வைத்து வாழ்க்கையை மாற்றியதற்காக. 2021-ல் யுவா பள்ளி மாணவி சீமா குமாரிக்கு முழு உதவித்தொகையோடு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் மகள்.

ஜார்க்கண்டில் இது ஏன் பெரிய விஷயம் என்றால், 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி அங்கே 20 முதல் 24 வயதுப் பெண்களில் 32 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவர்கள் 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள். தமிழ்நாட்டில் அதே கணக்கு 12.8 சதவிகிதம். குறைவுதானே என்று தோன்றும். எட்டுப் பெண்களில் ஒருத்தி என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். இது மாநிலத்துக்கே சேர்த்துப் பார்த்த சராசரி வேறு. சென்னையின் எண்ணும் கல்வராயன் மலையின் எண்ணும் ஒன்றாக இருக்க முடியாது.

பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்து மாவட்டம் கடலூர். அங்கே பயிற்சியாளர் மாரியப்பன் நடத்திவரும் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமியின் பெயரிலேயே விளையாட்டும் கல்வியும் சேர்ந்து இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கடற்கரையில் பெண்கள் ஃபுட்பால் வளர்ந்த விதம் தமிழ்நாட்டு விளையாட்டு வரலாற்றில் தனி அத்தியாயம். கடலூரிலிருந்து போன இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் பெண்கள் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில், பல வருடங்கள் அந்தக் கோப்பையைக் கையில் வைத்திருந்த மணிப்பூரை 2-1 என்று தமிழ்நாடு தோற்கடித்ததே, அந்த அணியின் முக்கியமான ஆட்டக்காரர் அவர். தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் பட்டம். 2023-ல் ஹரியானாவை வென்று இன்னொரு முறையும் கோப்பை வந்தது.

இந்துமதி பற்றி நான் சொல்ல வந்தது அது இல்லை. 2020 கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருக்களில் ரோந்துப் பணியில் நின்ற சப்-இன்ஸ்பெக்டர் இந்துமதியும் இவரேதான். விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவிகித இட ஒதுக்கீடு இருக்கிறது. கிராமத்து அம்மாக்களிடம் ‘விளையாட்டு நல்லது’ என்று ஒரு மணி நேரம் பேசுவதைவிட, காக்கிச் சட்டையில் நிற்கும் இந்துமதியின் போட்டோவை ஒரு நிமிடம் காட்டினால் போதும்.

சந்தியா ரங்கநாதனும் கடலூர்தான். அப்பா அம்மா பிரிந்த பிறகு, தனியாக நின்ற அம்மாவால் பார்த்துக்கொள்ள முடியாமல் அரசு விடுதியில் சேர்க்கப்பட்டு வளர்ந்தவர். விடுதியில் இருந்த அக்காக்கள் ஃபுட்பால் ஆடப் போய் வந்து வெளியூர்க் கதைகள் சொன்னதைக் கேட்டுத்தான் தனக்கும் ஆசை வந்தது என்று சொல்லியிருக்கிறார். இந்திய அணி வரைக்கும் போனார். அவரை முதலில் இழுத்தது பதக்கமோ ‘தேசத்துக்காக ஆட வேண்டும்’ என்ற பெரிய லட்சியமோ இல்லை, பஸ் ஏறி வெளியூர் போகலாம் என்ற ஆசை. விடுதிச் சுவருக்குள் இருக்கிற பிள்ளைக்கு அதுவே எவ்வளவு பெரிய ஆசை!

கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம், சேலம் மாவட்டம் ஓமலூருக்கு அருகே பெரியவடகம்பட்டி. மாரியப்பன் தங்கவேலுவின் ஊர். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் சிதைந்த பையன். அவனுக்குள் உயரம் தாண்டுகிற திறமை இருப்பதைக் கண்டுபிடித்தது பெரிய அகாடமி எதுவும் இல்லை, அரசுப் பள்ளியின் பி.டி சார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். ஜெயித்து வந்ததும் தான் படித்த பள்ளிக்கு 30 லட்சம் ரூபாய் தருவதாக மாரியப்பன் அறிவித்தார். நாமெல்லாம் மாரியப்பனுக்கு விருது கொடுத்தோம். மாரியப்பன் பள்ளிக்கு விருது கொடுத்தார். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இரண்டாவதுதான்.

பி.டி பீரியடை யார் எடுத்தது?

இப்போது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ‘பி.டி பீரியடை கணக்கு டீச்சர் கடன் வாங்கிட்டாங்க.’ நான் படித்த ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) பத்தாம் வகுப்பு முழுக்க அந்தக் கடன் திரும்பி வரவே இல்லை. டைம்டேபிளில் மட்டும் வாரத்துக்கு இரண்டு கட்டம் ‘பி.டி’ என்று அழகாக எழுதியிருக்கும். 2024 குழந்தைகள் தின விழாவில் துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின், பி.டி பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டபோது மாணவர்கள் ஆரவாரம் செய்தார்கள். ஒரு துணை முதல்வர் மேடையில் கேட்கிற அளவுக்கு அது பழகிப்போன கடன்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்குச் சொல்கிற கணக்கு, சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடல் உழைப்பு. 2019-ல் வெளியான அதன் ஆய்வு, உலகத்தில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவிகிதம் பேர் அந்த 60 நிமிடத்தைத் தொடுவதே இல்லை என்றது. பெண் பிள்ளைகளில் 85 சதவிகிதம். இதில் பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வித்தியாசமும் பெரிதாக இல்லை.

இந்தியாவில் பள்ளிகளை இந்தக் கணக்கில் அங்கீகரிக்க ஒரு வழி இருக்கிறது. 2019-ல் தொடங்கிய ஃபிட் இந்தியா இயக்கத்தின் பள்ளிச் சான்றிதழ். பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், இரண்டு வெளிவிளையாட்டுக்காவது மைதானம், தினமும் ஒரு உடற்கல்வி வகுப்பு, ஒவ்வொரு பிள்ளைக்கும் 60 நிமிடம். இது இருந்தால் அடிப்படைச் சான்று. அதற்கு மேல் மூன்று நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம். கேள்விகள் சரியான கேள்விகள். கோப்பை எத்தனை என்று கேட்கவில்லை, எல்லாப் பிள்ளைகளும் ஆடுகிறார்களா என்று கேட்கிறது. சிக்கல் என்னவென்றால், பள்ளியே இணையத்தில் ‘ஆம், ஆம், ஆம்’ என்று பதிந்து வாங்குகிற சான்று அது. பரீட்சை எழுதுகிறவரே பேப்பரைத் திருத்துகிற மாதிரி.

கோப்பைக் கணக்கில் விருது கொடுப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நன்றாக ஓடுகிற பிள்ளையைக் கிராமத்துப் பள்ளியிலிருந்து ‘ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டல் ஃப்ரீ’ என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போவது. பிள்ளைக்கு அது நல்லதாகவே இருக்கலாம். ஆனால், அடுத்த வருஷம் கோப்பை போகிற இடம் வேறு, அந்தப் பிள்ளையை ஆறாம் வகுப்பில் கண்டுபிடித்த பி.டி டீச்சர் இருக்கிற இடம் வேறு.

அந்த டீச்சர் யார் தெரியுமா? கல்வி உரிமைச் சட்டம் 2009, எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருட்களும் வேண்டும் என்கிறது. 6 முதல் 8 வரை 100 பிள்ளைகளுக்கு மேல் படித்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. அதன்படி 2012-ல் தமிழ்நாட்டில் உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் என்று 16,549 பேர் பகுதிநேர ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டார்கள். மாதத்துக்கு 5,000 ரூபாய். அது பிறகு 10,000, 12,500 என்று ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்குப் போய் உட்கார்ந்த போராட்டங்களை நீங்களும் டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். சில வருடங்களில் ஒரு பள்ளியில் விசில் சத்தம் கேட்கிறதென்றால், அந்த விசிலை ஊதுகிறவர் பல இடங்களில் இந்தச் சம்பளக்காரர்தான். பந்தில் காற்று இறங்கினால் சொந்தக் காசில் பஞ்சர் பார்க்கிறவரும் அவர்தான். பள்ளிக்கு விருது கொடுக்கும்போது பொன்னாடை யாருக்கு என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பந்துக்குக் கூடப் பஞ்சமா என்று கேட்கலாம். இப்போது முன்பைவிடப் பரவாயில்லை. கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் 2024 முதல் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கிரிக்கெட் மட்டை, வாலிபால், கேரம், சிலம்பம் என்று 33 வகைப் பொருட்கள் போயிருக்கின்றன. உங்கள் ஊராட்சிக்கும் வந்திருக்கும். அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு பெண் பிள்ளை போய்க் கேட்டால் திறப்பார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

மலைமேல்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26. அதற்குப் பிறகு இந்த ஊர்ப் பெயர் தேசியச் செய்தியில் வந்ததெல்லாம் துக்கத்துக்காகத்தான். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அடுத்த சில வாரங்களில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை, ரேஷன் என்று ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டது. மலையில் காய்ச்சுகிற சாராயம், செம்மரம் வெட்டக் கூப்பிடுகிற ஏஜென்ட், கேரளாவுக்கும் கோவைக்கும் கூலி வேலைக்கு ஏற்றிப்போகிற வண்டி. 15, 16 வயதில் பள்ளியை விட்ட ஒரு மலைக் கிராமத்துப் பையனுக்காகக் காத்திருக்கிற கதவுகள் இவை. பெண்ணுக்கு ஒரே கதவு, கல்யாணம்.

ஒரு பந்து இதையெல்லாம் மாற்றிவிடும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் சிரிப்பேன். ரோடு வேண்டும், பஸ் வேண்டும், மலையில் வேலை வேண்டும். ஆனால், 15 வயதுப் பையன் பள்ளியை விடுவது பெரும்பாலும் ஒரே நாளில் நடப்பதில்லை. திங்கள் வரமாட்டான், வியாழன் வருவான், அடுத்த வாரம் இரண்டு நாள் வருவான், பிறகு வரமாட்டான். அந்த வியாழக்கிழமை அவனுக்காகப் பள்ளியில் எது காத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. நடத்தி முடித்த பாடமும் திட்டும் மட்டும் என்றால் அடுத்த முறை ஏன் வரப்போகிறான்? சாயங்காலம் மேட்ச் இருக்கிறது, நீ இல்லையென்றால் டீமில் ஆள் குறையும் என்று நாலு பேர் அவன் வீட்டுக்கே வந்து கூப்பிட்டால், அந்த வாரமாவது வருவான்.

மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரிப் பள்ளி இருக்கிறது. ஏகலைவா பள்ளிகளுக்கென்று தேசிய விளையாட்டுப் போட்டியே நடக்கிறது. மேடு பள்ளத்தில் கிலோமீட்டர் கணக்கில் நடந்து வளர்கிற பிள்ளைகள் இவர்கள். கென்யாவின் மலைக் கிராமங்களிலிருந்து வரும் ஓட்டக்காரர்களை வியந்து வியந்து எழுதுகிறோமே, அங்கே ஈட்டன் என்ற சின்ன ஊர் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளியிலிருந்து ஒலிம்பிக் சாம்பியன்கள் வந்தார்கள். 1976-ல் பாடம் நடத்த வந்த ஐரிஷ் துறவற சகோதரர் கோல்ம் ஓ’கானல், ஓட்டப் பயிற்சியில் முன்அனுபவம் இல்லாமலேயே பயிற்சியாளராக மாறி அங்கேயே தங்கிவிட்டார். கல்வராயன் அவ்வளவு உயரம் இல்லை. ஆனால், இங்கே இல்லாதது உயரம் மட்டும்தானா? ஒரே பள்ளியில் வருடக்கணக்கில் தங்கி, பிள்ளைகளோடு சேர்ந்து ஓடுகிற ஒரு ஆசிரியர் வேண்டும். மலைக்குப் போஸ்டிங் போட்டால் இறங்குவதற்கு எப்போது டிரான்ஸ்ஃபர் கிடைக்கும் என்று எண்ணுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. குடியிருக்க வீடு, பிள்ளைகள் படிக்க வசதி இல்லாமல் யார்தான் தங்குவார்கள்?

சரி, என்னை ஒரு விருதுக் குழுவில் போட்டால் என்ன கேட்பேன்? (போடமாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.) கோப்பை அலமாரியைப் பார்க்கமாட்டேன். சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்குப் போவேன். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் எத்தனை பேர் மைதானத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணுவேன். அவர்கள் துணி மாற்ற ஒரு அறை இருக்கிறதா, தண்ணீர் வருகிற கழிப்பறை இருக்கிறதா என்று பார்ப்பேன். மாதவிடாய் நாளில் ‘உட்கார்ந்துக்கம்மா’ என்று சொல்ல ஒரு பெண் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்பேன். கால் ஊனமான பிள்ளைக்கு ஸ்கோர் எழுதுகிற வேலை மட்டும்தானா, ஆட்டமும் உண்டா? போன வருஷம் நின்றுபோன பிள்ளைகளில் எத்தனை பேரை ஆட்டக் கூட்டாளிகள் போய்க் கூட்டிவந்தார்கள்? கடைசியாக, தோற்றுப்போன மேட்ச்சின் போட்டோ ஒன்று காட்டச் சொல்வேன். ஜெயித்த போட்டோ எல்லோரிடமும் இருக்கும்.

இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் வைத்திருக்கிற பள்ளி ரிஷிவந்தியம் ஒன்றியத்திலோ சங்கராபுரத்திலோ கல்வராயன் மலையிலோ இருந்தால், பள்ளியின் பெயரையும் ஊரையும் எழுதி அனுப்புங்கள். கோப்பை வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பஸ் போகாத ஊர் என்றால் எந்த நிறுத்தத்தில் இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை வருகிறேன்.